அதிகாரம் இறங்க வேண்டிய கடைசிப் படி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோவில் இருக்கிறது. வரலாற்றுப் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் குடவோலைக் கல்வெட்டுகள் அக்கோவிலின் சுவர்களில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. பல ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றிய பங்கின் இளையோரை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் மக்களாட்சி தழைத்திருந்ததை அவர்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பது நம் ஆவல். குடும்புகள், வாரியங்கள், ஓலை, குடம் என்று நாம் உற்சாகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஊரின் கடைசித் தெருவிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "சாமி, இந்தக் குடத்துல எங்க பாட்டன் பேரு எழுதின ஓலைய போட்டிருப்பாங்களா?"

அன்று நாம் விடை சொல்லவில்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லி அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டோம். ஆயினும் அக்கேள்வி நம்மைவிட்டு நகரவில்லை. ஆட்சி அதிகாரம் தலைநகரங்களில் குவிந்து கிடத்தல் ஆகாது, அது ஊர்களுக்கு இறங்கி வர வேண்டும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். ஆனால் ஊருக்கு இறங்கும் அதிகாரம் ஊரில் எவர் கையில் போய்ச் சேருகிறது? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு அதிகாரப் பரவலைப் பேசுவது பாதி உண்மையாகவே முடியும். அன்று சொல்லாமல் விட்ட விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கல்லில் எழுதிய ஒழுங்கு

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் உத்திரமேரூர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோர் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் எனப் பகிர்ந்து பொறுப்பேற்றனர். அவர்களது பணிக்காலம் 360 நாள்களே.

இவ்விதிகளுள் இன்றும் நம்மை வெட்கப்பட வைப்பவை சில உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடத்துக்குள் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. கையூட்டுப் பெற்றவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோருக்கும் அதே கதி. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் பொறுப்பு வகித்தவருக்கு மறுவாய்ப்பு இல்லை. ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். எந்த மடையில் கசிகிறது, எந்தக் கரை இளகிக் கிடக்கிறது என்பதை அந்தத் தண்ணீரில் பயிர் செய்கிறவனைவிட நன்கறிந்தவர் எவர்? தஞ்சையிலிருந்து ஆண்ட மன்னன் உத்திரமேரூர் ஏரியை உத்திரமேரூரிடமே விட்டுவைத்தான். அதிகாரப் பரவலுக்கு இதைவிட எளிய நியாயம் வேறில்லை.

ஆனால் அதே சுவரில் தகுதி விதிகளும் உள்ளன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், மறைநூல் கல்வியும் வேண்டும். வேதத்தில் தேர்ந்தவருக்கு நிலத்தின் அளவில் மட்டும் சலுகை உண்டு. உத்திரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். எனவே அந்நிலத்தை உழுதவர், அறுத்தவர், ஏரியில் மண் சுமந்தவர் ஆகியோரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. எந்தப் பெண்ணின் பெயரும் ஏறவில்லை. பிராமணரல்லாத நிலவுடைமையாளரின் ஊர்களில் 'ஊர்' என்ற அவையும், வணிகரிடையே 'நகரம்' என்ற அவையும் இயங்கின. அவற்றிலும் நிலமும் பொருளும் உடையோரே அமர்ந்தனர். அந்த இளம்பெண்ணின் கேள்விக்குக் கல்வெட்டு தரும் விடை 'இல்லை' என்பதே.

இதனால் அந்தச் சபையின் பெருமை அழிந்துவிடாது. ஒழுங்கு சிறந்தது, வாசல்தான் குறுகலானது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மை.

ஊர் கையிழந்த கதை

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரின் கைகள் கட்டப்பட்டன. தாமஸ் மன்றோ நிலைநிறுத்திய ரயத்துவாரி முறையில் ஒவ்வோர் உழவனும் தனித்தனியே அரசுக்கு வரி கட்டினான். வரி, நீதி, நீர் ஆகிய மூன்றும் படிப்படியாக மாவட்ட ஆட்சியரின் கச்சேரிக்கு ஏறிச் சென்றன. இந்தியக் கிராமங்கள் சிறு சிறு குடியரசுகள் என்று சார்லஸ் மெட்காஃப் 1830இல் புகழ்ந்தெழுதினார். அவர் பணியாற்றிய ஆட்சியே அக்குடியரசுகளை உள்ளிருந்து வெறுமையாக்கிக்கொண்டிருந்தது.

இதன் விளைவு ஏரிகளில் தெரிந்தது. வாய்க்கால் தூர்வாருதல், கரை செப்பனிடுதல் முதலிய பணிகளை ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து முறை நலிந்தது. அதை மீட்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஊராரிடமிருந்து உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் சட்டத்தால் கேட்டார்கள். உரிமையில்லாத இடத்தில் பொறுப்பு எங்ஙனம் முளைக்கும்? அந்த உழைப்பின் பாரம் பழங்காலந்தொட்டே யாருடைய தோள்களில் விழுந்தது என்ற கேள்வியையும் நாம் மறத்தலாகாது.

1882 மே 18ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஒரு திருப்பம். உள்ளாட்சியால் நிர்வாகம் உடனே மேம்பட்டுவிடும் என்று அவர் வாதிடவில்லை. தொடக்கத்தில் தவறுகள் நேரலாம்; எனினும் மக்கள் அரசியல் பயில உள்ளாட்சியே பள்ளி என்பது அவரது நிலை. நீச்சல் கற்குமுன் நீரில் இறங்காதே என்று சொல்கிறவன் நீச்சல் கற்பிக்க விரும்பாதவன். மக்களுக்குப் பக்குவம் வரட்டும், பிறகு அதிகாரம் தருவோம் என்று இன்றும் சொல்வோர் ரிப்பனின் தீர்மானத்தைப் படித்துப் பார்க்கலாம். 1884இல் சென்னை மாகாணத் தல நிர்வாகச் சட்டமும், 1920இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. ஆயினும் பெருவாரியான மக்களுக்கு வாக்குரிமை எட்டாக் கனியாகவே இருந்தது.

இருவர் கண்ட கிராமம்

விடுதலை நெருங்கிய காலத்தில் கிராமத்தைப் பற்றி இரு பெரியோர் இரு வேறு கருத்துகளை உரைத்தனர். மேலிருப்பது கீழிருப்பதை அழுத்தும் கோபுரமாக அன்றி, நீரில் விரியும் வட்டங்களைப் போலச் சமுதாயம் அமைய வேண்டும் என்று காந்தியடிகள் 1946இல் எழுதினார். தனி மனிதன் அவ்வட்டங்களின் நடுவில் இருப்பான். ஊருக்காகத் தன்னைத் தர முன்வருவான். ஊர் பிற ஊர்களோடு இணைந்து நிற்கும்.

1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பின் வரைவை அவையில் முன்வைத்த அண்ணல் அம்பேத்கர் இதற்கு நேர்மாறாகப் பேசினார். கிராமம் அறியாமைக்கும் குறுகிய மனத்திற்கும் சாதிய உணர்வுக்கும் உறைவிடம். எனவே வரைவு கிராமத்தை விடுத்துத் தனி மனிதனை அலகாகக் கொண்டது நல்லதே என்றார். அவையில் பலர் கொதித்தெழுந்தனர். ஆனால் அவர் அவ்வாறு பேசியதன் பின்னணியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மராட்டியத்து மகாத் என்னும் ஊரின் நகராட்சி, பொதுக்குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் இயற்றியிருந்தது. தாளில் திறந்த குளத்தை ஊர் திறக்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று, ஒரு கை நீரை அள்ளிப் பருகி அவ்வுரிமையை நிலைநாட்ட வேண்டிய நிலை அம்பேத்கருக்கு ஏற்பட்டது. அதன் பொருட்டு அவருடன் வந்தோர் தாக்கவும் பட்டனர்.

காந்தியடிகள் ஊர் எவ்வாறு ஆக வேண்டும் என்று கண்டார். அம்பேத்கர் ஊர் எவ்வாறு இருக்கிறது என்று கண்டார். இவ்விருவருள் ஒருவரைத் தேர்ந்துகொண்டு மற்றவரைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை என்பதே நம் எண்ணம்.

1948 நவம்பர் 22ஆம் நாள் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கவும், தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரங்களை அவற்றிற்கு அளிக்கவும் அரசு முயல வேண்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே அரசியலமைப்பின் 40ஆம் பிரிவு. ஆனால் அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. எவரும் நீதிமன்றம் சென்று கோரிப் பெற இயலாதது.

விருப்பத்திற்கு விடப்பட்ட நெறிக்கு என்ன நேரும் என்பதை அடுத்த நாற்பது ஆண்டுகள் காட்டின. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஊராட்சியைப் பரிந்துரைத்தது. காமராசர் ஆட்சியில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. பின்னர் மாநில அரசுகள் தங்கள் வசதிப்படி தேர்தலைத் தள்ளிவைத்தன. தமிழகத்தில் 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின் 1986இல்தான் அடுத்த தேர்தல் வந்தது. தில்லி தன் அதிகாரத்தைப் பறிக்கிறது என்று முறையிட்ட மாநிலத் தலைநகரங்கள், தம் ஊர்களுக்கு அதே வேலையைச் செய்தன. 'மேலிருந்து எமக்கு வரட்டும், எம்மிடமிருந்து கீழே போக வேண்டா' என்பது எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான கொள்கையாயிற்று.

இந்நிலையை மாற்றியது 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தச் சட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், கிராம சபை, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகள் ஆகியன அதில் இடம்பெற்றன. அனைத்திற்கும் மேலாக, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்களும், தலைவர் பதவிகளில் உட்பட, ஒதுக்கப்பட்டன. குடவோலையின் குறுகிய வாசலை அகலப்படுத்திய சட்டம் இது. காந்தியடிகளின் ஊரும் அம்பேத்கரின் தனி மனிதனும் ஒரே ஏட்டில் சந்தித்தனர்.

மேலவளவு

ஏட்டில் சந்தித்தவை ஊரில் சந்தித்தபோது நிகழ்ந்ததையும் சொல்லியாக வேண்டும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு அக்டோபரில் தேர்தல் நடத்த இயலவில்லை. டிசம்பரில் வாக்குப்பெட்டிகள் பறித்துச் செல்லப்பட்டன. இறுதியில் டிசம்பர் 31ஆம் நாள் காவல்துறைப் பாதுகாப்போடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். ஆறு மாதங்களே கழிந்தன. 1997 ஜூன் 30ஆம் நாள் மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் துணைத்தலைவர் உட்பட வேறு ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் பலர் 2008இலும் 2019இலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தல் நடவாமற்போயிற்று. அல்லது வென்றவர் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் தர வைக்கப்பட்டார். 2006இல்தான் அவ்வூர்களில் தலைவர்கள் பொறுப்பில் நிலைத்தனர். மாவட்ட நிர்வாகமும் நல்லெண்ணம் கொண்டோரும் வீடுவீடாகச் சென்று பேசியதன் பலன் அது.

மேலவளவைக் காட்டி, "பார்த்தீர்களா, ஊரிடம் அதிகாரம் தந்தால் இதுதான் நடக்கும்" என்பாருளர். நாம் அதை ஏற்கவில்லை. முருகேசன் கொல்லப்பட்டது அதிகாரம் ஊருக்கு வந்ததால் அன்று. வந்த அதிகாரம் ஊரின் கடைசித் தெரு வரை இறங்கியதைச் சிலரால் பொறுக்க முடியாததால். இறங்கும் நீரை மேட்டிலேயே தேக்கிக்கொள்ள நினைப்போர் வரப்பை வெட்டவிடமாட்டார்கள். அதற்காக நீரையே நிறுத்திவிடுவது தீர்வாகுமா?

துணை என்னும் சொல்

இவ்விடத்தில் திருச்சபையின் சமூகப் படிப்பினை நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. இத்தாலியில் பாசிச அரசு எல்லாவற்றையும் தன் கைக்குள் இழுத்துக்கொண்டிருந்த 1931ஆம் ஆண்டில், திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 'நாற்பதாம் ஆண்டில்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். சிறிய குழுமங்கள் தாமே செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று அதில் கற்பித்தார். இதையே துணைமை நெறி என்கிறோம். குருமடத்தில் நாம் இதைப் படித்தபோது, 'மேலிருப்பவன் தலையிடாதிருக்க வேண்டும்' என்பதே இதன் முழுப்பொருள் என எண்ணியிருந்தோம். ஆனால் இலத்தீன் மூலச்சொல்லின் பொருள் 'உதவி' என்பதாகும். போர்க்களத்தில் முன்வரிசை தளரும்போது கைகொடுக்கப் பின்னால் காத்து நிற்கும் படையையும் அச்சொல் குறித்தது. ஆகவே இந்நெறிக்கு இரண்டு கைகள் உண்டு. ஒரு கை, கீழுள்ளவரின் உரிமையைப் பறிக்காமல் விலகி நிற்கும். மறு கை, அவர் தம் சொந்த ஊராராலேயே நசுக்கப்படும்போது விரைந்து வந்து தாங்கும். மேலவளவில் வர வேண்டியிருந்தது அந்த இரண்டாவது கை.

இதைப் பிறருக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் நழுவுதல் முறையன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக இறைமக்களைப் பிரித்து நின்ற தடுப்புச்சுவரை நாம் அறிவோம். அது இருக்க வேண்டும் என்று வாதிட்டோர் அவ்வூர்க் கிறிஸ்தவர்களே. 1910இல் அது அகற்றப்பட்டபோது அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். ஆலயத்திற்குள் சாதி உரிமை கொண்டாட இயலாது என்று சென்னை உயர்நீதிமன்றம் முடிவு கூறிற்று. உள்ளூரின் விருப்பம் என்பதாலேயே ஒன்று அறமாகிவிடாது என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறோம். பங்குப் பேரவையைக் கூட்டி, முன்னரே நாம் எடுத்த முடிவை வாசித்து, கைதட்டலை ஒப்புதலாக ஏட்டில் எழுதிய நாள்கள் நம் வாழ்வில் உண்டு. கோட்டையில் இருப்போரை நோக்கி நீட்டும் விரல் நம் பக்கமும் திரும்புகிறது.

நாற்காலி காலியாயிருக்கும் காலம்

அதிகாரம் இறங்காவிடில் நேரும் இழப்பைத் தமிழகம் அண்மைக் காலத்திலேயே கண்டது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற ஆணையால் ரத்தாயிற்று. ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், எஞ்சியவற்றில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் இல்லாமையால் நடுவண் நிதி ஆணையத்தின் மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019இல் தேர்வானோரின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். சட்டமன்றத்துக்குத் தேர்தல் இன்றி மூன்றாண்டுகள் கழிந்தால் நாடே அல்லோலகல்லோலப்படும். ஊராட்சிக்கு அவ்வாறு நேர்ந்தபோது தேநீர்க் கடைகளில்கூடப் பேச்சில்லை. இந்த மௌனமே நம்மை மிகவும் வருத்துகிறது.

தனி அலுவலர் தீயவர் அல்லர்; பலர் நேர்மையாளர். ஆனால் தெருக்குழாயில் மூன்று நாளாக நீர் வரவில்லை என்று ஒரு தாய் எவர் வீட்டு வாசலில் போய் நிற்பாள்? பல ஊர்களுக்குப் பொறுப்பான அலுவலர் அவளுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் அல்லர்; தம் மேலதிகாரிக்கே கடமைப்பட்டவர். கேட்பதற்கு ஒரு முகம் இருப்பதே ஊராட்சியின் முதல் நன்மை. அண்டை மாநிலமான கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அதிலும் குறைகள் உண்டு. எனினும் பணம் கையில் இருக்கும் சபைக்கு மக்கள் வருகிறார்கள். வெறும் தீர்மானம் மட்டும் போடும் சபைக்குக் கையெழுத்து மட்டுமே வருகிறது.

ஆகவே மூன்றையும் ஒருங்கே கேட்போம். அதிகாரமும் நிதியும் ஊராட்சிக்கு இறங்க வேண்டும். ஊராட்சியின் கணக்கு கிராம சபையின் நடுவே விரிக்கப்பட வேண்டும். அச்சபையில் கடைசித் தெருவினர் அச்சமின்றிப் பேச, மேலிருக்கும் சட்டம் அவர்களுக்கு அரணாக நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப்போகும்.

அண்மையில் நம் பங்கைச் சார்ந்த ஊர் ஒன்றின் கிராம சபைக்குச் சென்றிருந்தோம். வழக்கம்போல் முன்வரிசையில் நமக்கு நாற்காலி போட்டார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டமையால், தலைவர் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார். அவர் அருகே அமர்ந்திருந்த கணவரே எல்லாவற்றிற்கும் விடை சொன்னார். பின்வரிசைப் பெண்மணி ஒருவர் எழுந்து, "கேள்வி தலைவரம்மாவுக்குங்க" என்றார். கூட்டம் சிரித்தது. தலைவர் சற்றுத் தயங்கி, கணக்குப் புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். நாம் எழுந்து நாற்காலியைப் பின்னால் போடச் சொன்னோம்.

உத்திரமேரூரில் கேட்ட அந்த மகளுக்கு இப்போது விடை சொல்லலாம். உன் பாட்டன் பெயர் அந்தக் குடத்தில் இல்லை, மகளே. உன் பெயர் இருக்கலாம் என்று இன்று சட்டம் சொல்கிறது. அந்த ஓலை பறிக்கப்படாமல், அதை எடுத்துப் படிக்கும் நாள் தள்ளிப்போகாமல் காக்கும் பொறுப்பு ஊருக்கும் உண்டு, அரசுக்கும் உண்டு, ஆலயத்திற்கும் உண்டு.